நேரம் முடிந்த பிறகு ஃப்ரீ த்ரோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடைப்பந்தில் சண்டை வருவதற்கென்றே ஒரு நேரம் உண்டு என்றால் அது கடைசி அரை விநாடிதான். நேரம் முடிந்ததைச் சொல்லும் பஸ்ஸரும் நடுவரின் விசிலும் கிட்டத்தட்ட ஒன்றாகக் கேட்கும். ஒரு அணி கட்டிப்பிடித்துக் குதிக்கும், இன்னொரு அணி நடுவரைச் சூழ்ந்துகொள்ளும், நடுவர் மட்டும் ஃப்ரீ த்ரோ (யாரும் தடுக்காமல் எறியக் கிடைக்கும் 1 பாயின்ட் ஷாட்) கோட்டைக் காட்டிக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் வழக்கமாக எழும் கேள்விகளையும் அதற்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் ஃபிபா (சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம்) விதிப்படி. என்பிஏவும் (அமெரிக்கத் தொழில்முறை லீக்) அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதிகளும் மாறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லிவிடுகிறேன்.

பஸ்ஸர் அடித்தாயிற்று, கடிகாரத்தில் பூஜ்யம். அப்புறம் எதற்கு ஃப்ரீ த்ரோ?

ஃபவுல் எப்போது நடந்தது என்பதுதான் கணக்கு, அதற்கான தண்டனை எப்போது நிறைவேறுகிறது என்பது கணக்கில்லை. பஸ்ஸர் ஒலிக்கும்போதோ அதற்குச் சற்று முன்போ ஃபவுல் நடந்திருந்தால், அதற்கு ஃப்ரீ த்ரோ உண்டென்றால், நேரம் முடிந்த பிறகு அதைப் போடவைக்க வேண்டும் என்று ஃபிபா விதி நேராகவே சொல்கிறது. முதல் குவார்ட்டர், கடைசி குவார்ட்டர், ஓவர்டைம் எல்லாவற்றுக்கும் இதேதான்.

இப்படி ஒரு விதி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடைசி விநாடியில் ஷூட்டரின் கையைப் பிடித்து இழுப்பதுதான் உலகத்திலேயே சிறந்த டிஃபென்ஸாக இருக்கும். கோச்சுகள் அதைப் பயிற்சியே கொடுப்பார்கள்.

ஃபவுல் முதலா, பஸ்ஸர் முதலா? இதை யார் எப்படி முடிவு செய்கிறார்கள்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். விசில் எப்போது ஊதப்பட்டது என்பதைப் பார்க்கக் கூடாது. நடுவர் மோதலைப் பார்த்து, அது ஃபவுல்தான் என்று முடிவெடுத்து, காற்றை உள்ளே ஊதுவதற்குள் சில நூறு மில்லி விநாடிகள் போய்விடும். அதனால் பஸ்ஸருக்குப் பிறகு விசில் கேட்டாலும் ஃபவுல் பஸ்ஸருக்கு முன்பே நடந்திருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். "விசில் லேட் சார், கேம் ஓவர்" என்று கத்துகிறவர்களுக்கு இதுதான் பதில்.

நடைமுறையில், ஃபவுலைப் பார்க்கிற நடுவர் ஒருவர், கடிகாரத்தையும் போர்டைச் சுற்றியுள்ள சிவப்பு விளக்கையும் கவனிக்கிற நடுவர் இன்னொருவர். ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே, கடைசி ஷாட்டின்போது விளக்கை யார் பார்ப்பது என்று நடுவர்கள் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அப்படிப் பேசாத குழுவை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்: பஸ்ஸர் அடித்ததும் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கருத்து வேறுபாடு வந்தால் தலைமை நடுவர் சொல்வதே இறுதி.

வீடியோ ரீப்ளே இருக்கிற போட்டிகளில், குவார்ட்டர் முடிகிற நேரத்து ஃபவுல் நேரத்துக்குள் நடந்ததா என்று திரையில் பார்க்கலாம். ஃபவுல் நேரம் முடிந்த பிறகுதான் நடந்தது என்று தெரிந்தால், சாதாரண ஃபவுல் என்கிற பட்சத்தில் அதை விட்டுவிடுவார்கள். அன்ஸ்போர்ட்ஸ்மேன்லைக் (விளையாட்டு உணர்வுக்கு மாறான) ஃபவுலையோ ஆட்டத்தை விட்டே வெளியேற்றுகிற ஃபவுலையோ அப்படி விட முடியாது. ஃபவுல் நேரத்துக்கு முன்பே நடந்தது என்று தெரிந்தால் எவ்வளவு நேரம் மீதி என்று பார்த்துக் கடிகாரத்தைத் திருத்துவார்கள். அந்த 0.2, 0.4 எல்லாம் பெரிய விஷயம், கீழே வருகிறேன்.

பந்து ஷூட்டரின் கையில் இருக்கும்போது ஃபவுல். அதற்குப் பிறகு பஸ்ஸர். அதற்குப் பிறகு பந்து கையை விட்டுப் போய்க் கூடைக்குள் விழுந்தது. பாயின்ட் உண்டா?

கிடையாது. ஆனால் ஃப்ரீ த்ரோ உண்டு. பார்வையாளர்களை மட்டுமல்ல, புதிதாக விசில் எடுத்தவர்களையும் அதிகமாகத் தடுமாற வைக்கிற இடம் இதுதான்.

ஆட்டத்தின் நடுவில் என்றால், ஷூட் செய்யும் அசைவை ஆரம்பித்த வீரரை ஃபவுல் செய்தாலும் அவர் அந்த அசைவைத் தொடர்ந்து முடித்துக் கூடையில் போட்டால் பாயின்ட் சேரும், கூடவே ஒரு ஃப்ரீ த்ரோ. ஆனால் அந்தத் தொடர் அசைவுக்கு நடுவில் பஸ்ஸர் ஒலித்துவிட்டால் அந்தச் சலுகை போய்விடுகிறது. பந்து இன்னும் கையில்தான் இருந்தது, நேரம் முடிந்துவிட்டது, எனவே கூடை செல்லாது. ஃபவுல் மட்டும் நேரத்துக்குள் நடந்தது, அது செல்லும். ஆகவே கூடை விழாத ஷாட்டுக்கு என்ன தண்டனையோ அதேதான்: இரண்டு பாயின்ட் பகுதியிலிருந்து என்றால் 2 ஃப்ரீ த்ரோ, மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியே என்றால் 3.

ஸ்கோர் எழுதுகிற மேசையில் சொல்லும்போது நடுவர் இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும். முதலில் கூடை ரத்து, பிறகு ஃபவுல், பிறகு எத்தனை ஷாட். கூடை ரத்தை மட்டும் காட்டிவிட்டு நடுவர் ஒரு நொடி நின்றால் போதும், எதிரணி பெஞ்ச் மொத்தமும் மைதானத்துக்குள் வந்துவிடும்.

பந்து காற்றில் இருக்கும்போது பஸ்ஸர் அடித்தால்?

பஸ்ஸருக்கு முன் கையை விட்டுப் போயிருந்தால் பந்து உயிரோடுதான் இருக்கிறது. கூடைக்குள் விழுந்தால் பாயின்ட். நேரத்துக்குள் நடந்த ஃபவுலும் சேர்ந்திருந்தால் பாயின்ட்டோடு ஒரு ஃப்ரீ த்ரோ, விழாவிட்டால் 2 அல்லது 3.

பந்து போன பிறகு, பஸ்ஸரும் அடித்த பிறகு, இன்னும் அந்தரத்தில் இருக்கிற ஷூட்டரைக் கீழே தள்ளினால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்கப் பள்ளி விதி இதை வெளிப்படையாகவே பேசுகிறது: நேரம் முடிந்த பிறகு என்றாலும் ஷாட் பறந்துகொண்டிருக்கும்போது நடந்த ஃபவுல் என்றால், அதற்கான ஃப்ரீ த்ரோக்கள் முடியும்போதுதான் குவார்ட்டர் முடிகிறது. என்பிஏவிலும் ஷூட்டர் மீதான ஃபவுல் என்றால் தண்டனை முடிந்த பிறகே பீரியட் முடியும். பந்து கையை விட்டுப் போய்விட்டதே என்று ஷூட்டர் கால் ஊன்றும் இடத்தில் கால் நீட்டுகிற ஆட்களுக்காகவே எழுதினது போல இருக்கும்.

ஷூட் செய்யாத வீரரை ஃபவுல் செய்தால்?

அணி ஃபவுல் எண்ணிக்கையைப் பாருங்கள். ஃபிபாவில் ஒரு குவார்ட்டரில் 4 அணி ஃபவுல்கள் ஆகிவிட்டால், ஐந்தாவதிலிருந்து ஷூட் செய்யாத வீரர் மீதான ஃபவுலுக்கும் 2 ஃப்ரீ த்ரோ. என்பிஏவிலும் ஐந்தாவதிலிருந்துதான், ஆனால் கடைசி 2 நிமிடத்தில் இரண்டாவதிலேயே வந்துவிடும்.

அந்த எண்ணிக்கை வரவில்லை என்றால் தண்டனை வெறும் த்ரோ-இன் (கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை உள்ளே போடுவது). நேரம் பூஜ்யம் என்றால் த்ரோ-இன் போட்டு என்ன செய்வது? ஆட்டம் முடிந்தது. ஒரு பாயின்ட் பின்தங்கிய அணிக்கு இது எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் விதி அப்படித்தான். இந்த இடத்தில்தான் கோச்சுகள் "0.2 இருந்தது, 0.3 இருந்தது" என்று கடிகாரத்துக்காக உயிரைக் கொடுக்கிறார்கள்.

பந்தை வைத்திருக்கும் அணி வீரரே ஃபவுல் செய்தால், அதாவது சார்ஜ் (நிற்கிற எதிராளி மீது போய் மோதுவது), நகரும் ஸ்க்ரீன் (நகர்ந்துகொண்டே எதிராளியை மறிப்பது) மாதிரி, ஃப்ரீ த்ரோ கிடையாது. அதோடு முடிந்தது.

ஃப்ரீ த்ரோ போடும்போது மற்றவர்கள் எங்கே நிற்க வேண்டும்?

யாரும் கூடைக்குக் கீழே வரிசையில் நிற்கக் கூடாது. நேரம் இல்லை, ஆகவே ரீபவுண்ட் (தவறிய பந்தைப் பிடிப்பது) என்ற ஒன்றே இல்லை. ஷூட்டர் மட்டும் தனியாகக் கோட்டில் நிற்பார், மற்ற எல்லோரும் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்கும் மூன்று பாயின்ட் கோட்டுக்கும் பின்னால்.

என்னைக் கேட்டால் எதிரணியினரை அப்படியே அவர்கள் பெஞ்ச் பக்கம் அனுப்பிவிடுவது நல்லது. ஷூட்டரின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஏதாவது முணுமுணுப்பது, ஷூ கயிற்றைக் கட்டுகிற சாக்கில் பக்கவாட்டில் நடப்பது, இதையெல்லாம் கண்காணிக்க நடுவருக்கு அந்த நேரத்தில் கண் போதாது.

லேன் (கூடைக்கு முன்னால் ஆட்கள் வரிசை கட்டுகிற பகுதி) காலியாக இருப்பதைப் பார்த்தே நேரம் மீதி இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். 0.1 விநாடி மீதி இருந்தாலும் வழக்கம்போல வரிசை கட்டி நிற்க வேண்டும், கடைசி ஷாட் தவறினால் ஆட்டம் தொடரும். ஆகவே நடுவர் ஆட்களை நிறுத்துவதற்கு முன் கடிகாரத்தைப் பார்த்தாக வேண்டும். தவறாக ஆட்களை வரிசையில் நிறுத்தினால் தவறின பந்தை எடுத்து ஒருவர் உள்ளே போடுவார், அப்புறம் அது செல்லுமா செல்லாதா என்று இன்னொரு பஞ்சாயத்து.

முடிவு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. ஜெயித்த அணிக்குத்தான் ஃப்ரீ த்ரோ. அதையும் போட்டே ஆக வேண்டுமா?

எந்த விதிப்புத்தகம் என்பதைப் பொறுத்தது.

ஃபிபாவில் போட்டாக வேண்டும். 20 பாயின்ட் முன்னிலையில் இருக்கிற அணிக்கு பஸ்ஸரோடு ஃபவுல் கிடைத்தாலும் 2 ஷாட்டும் போட வேண்டும். அரங்கம் காலியாகிக்கொண்டிருக்கும், ஷூட்டருக்கே ஆர்வம் இருக்காது, பார்க்க அபத்தமாக இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. லீக் சுற்றுகளில் அணிகள் வெற்றிகளில் சமமாகும்போது பாயின்ட் வித்தியாசம் தரவரிசையைத் தீர்மானிக்கும். இரண்டு ஆட்டங்களின் மொத்தப் பாயின்ட்டை வைத்து வெற்றியாளரை முடிவு செய்கிற போட்டிகளும் உண்டு. இன்றைக்கு வீணாகத் தெரிகிற ஒரு ஃப்ரீ த்ரோ மூன்று நாள் கழித்து ஒரு அணியை வீட்டுக்கு அனுப்பலாம். நடுவர் தன் இஷ்டத்துக்கு "பரவாயில்லை, விடுங்கள்" என்று சொல்வது அந்த மூன்றாவது அணிக்குச் செய்கிற அநியாயம்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி விதி இதற்கு நேர் எதிர். நான்காவது குவார்ட்டரோ ஓவர்டைமோ முடிந்த பிறகு, அந்தப் பாயின்ட் முடிவை மாற்றும் என்றால் மட்டுமே ஃப்ரீ த்ரோ. மாற்றாது என்றால் போடவே கூடாது. இது ஒவ்வொரு ஷாட்டுக்கும் பொருந்தும் என்பதுதான் சுவாரஸ்யம். 2 பாயின்ட் பின்தங்கிய அணிக்கு 2 ஷாட் கிடைத்து முதலாவது தவறினால் இரண்டாவதைப் போட்டாலும் தோல்விதான், எனவே அங்கேயே முடிந்தது. 1 பாயின்ட் பின்தங்கிய அணிக்கு 3 ஷாட் கிடைத்து முதல் இரண்டும் விழுந்தால் ஜெயித்தாயிற்று, மூன்றாவது கிடையாது. ஃபிபாவில் இதே இரண்டு நிலைமையிலும் எல்லா ஷாட்டையும் போட்டு முடிக்க வேண்டும்.

முதல் மூன்று குவார்ட்டர்களின் கடைசியில் இந்தப் பேச்சே இல்லை. எல்லா விதிப்புத்தகத்திலும் போட்டாக வேண்டும், ஆட்டம்தான் இன்னும் முடியவில்லையே.

பூஜ்யத்தில் நின்று ஃப்ரீ த்ரோ போட்டு முடிவான பிரபல ஆட்டம் ஏதாவது உண்டா?

2005 மார்ச்சில் அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் ஒன்று, கான்ஃபரன்ஸ் யூஎஸ்ஏ என்ற கல்லூரி லீக்கின் இறுதி, லூயிவில்லும் மெம்ஃபிஸும். லூயிவில் 75–73 முன்னிலை. நேரம் முடிகிற கணத்தில் மெம்ஃபிஸின் முதலாண்டு மாணவர் டேரியஸ் வாஷிங்டன் மூன்று பாயின்ட் ஷாட் எடுக்கும்போது ஃபவுல். கடிகாரத்தில் ஒன்றுமில்லை, லேனில் யாருமில்லை, 3 ஷாட். மூன்றும் விழுந்தால் வெற்றி, இரண்டு விழுந்தால் ஓவர்டைம். முதலாவது விழுந்தது. இரண்டாவது தவறியது. மூன்றாவதும் தவறியது. 75–74. அவர் கோட்டிலேயே சரிந்து விழுந்து சட்டையை முகத்தில் இழுத்து மூடிக்கொண்டார்.

அந்த நிலைமையின் கணக்கைப் போட்டுப் பார்த்தால் எவ்வளவு கொடுமை என்று புரியும். நூற்றுக்கு 75 போடுகிற ஷூட்டர் என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் விழ வாய்ப்பு சுமார் 42 சதவீதம், சரியாக இரண்டு விழவும் அதே 42 சதவீதம். தோற்க வாய்ப்பு 16 சதவீதத்துக்கும் கீழே. அதாவது காகிதத்தில் இது பின்தங்கிய அணிக்குச் சாதகமான நிலைமை. 1 பாயின்ட் பின்தங்கி 2 ஷாட் என்றால் இன்னும் சாதகம்: வெற்றிக்கு 56, ஓவர்டைமுக்கு 37 அல்லது 38, தோல்விக்கு வெறும் 6 சதவீதம். காலி லேனில் தனியாக நிற்கிறவனுக்கு அந்தச் சதவீதம் அப்படியே இருக்குமா என்பது வேறு கேள்வி.

0.0 இல்லை, 0.3 மீதி என்று கடிகாரத்தைத் திருத்தினால் என்ன மாறும்?

கிட்டத்தட்ட எல்லாமே. லேனில் ஆட்கள் நிற்பார்கள். கடைசி ஷாட் தவறினால் ரீபவுண்டைத் தட்டிவிடலாம். விழுந்தால் எதிரணிக்கு ஒரு த்ரோ-இன் கிடைக்கும். 2 பாயின்ட் பின்தங்கி ஒரே ஷாட் மீதி என்றால், வேண்டுமென்றே ரிங்கில் அடித்துத் தவறவிட்டு ரீபவுண்டுக்குப் போகிற தந்திரமும் உண்டு. பூஜ்யத்தில் அதற்கு அர்த்தமே இல்லை.

த்ரோ-இன்னில் பந்தைப் பிடித்து ஷூட் செய்ய ஃபிபாவிலும் என்பிஏவிலும் குறைந்தது 0.3 விநாடி வேண்டும். 0.2 அல்லது 0.1 என்றால் தட்டிவிடலாம் அல்லது நேராக டங்க் செய்யலாம் (கையாலேயே கூடைக்குள் திணிக்கலாம்), பிடித்து எறிய முடியாது. இந்த விதி வந்த கதை பிரபலம்: 1990 ஜனவரியில் நியூயார்க் நிக்ஸ் அணியின் ட்ரென்ட் டக்கர் சிகாகோ புல்ஸுக்கு எதிராக 0.1 விநாடி மீதி இருக்கும்போது பந்தைப் பிடித்து, திரும்பி, மூன்று பாயின்ட் போட்டு ஜெயித்தார். மனிதனால் ஆகாத காரியம், கடிகாரம்தான் தாமதமாக ஓடியிருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதற்குப் பிறகு வந்த விதியை என்பிஏவில் இன்னும் அவர் பெயராலேயே சொல்கிறார்கள்.

மெம்ஃபிஸ் கதைக்கு மறுபக்கமாக 2019 அமெரிக்கக் கல்லூரி சாம்பியன்ஷிப் அரையிறுதியைச் சொல்லலாம். ஆபர்ன் 62–60 முன்னிலை, 0.6 விநாடி மீதி, வர்ஜீனியாவின் கைல் கை மூன்று பாயின்ட் ஷாட்டில் ஃபவுல் வாங்கினார். மூன்றையும் போட்டார், 63–62. ஆனால் அங்கே நேரம் மீதி இருந்ததால் ஆபர்னுக்கு இன்னும் ஒரு த்ரோ-இன் கிடைத்தது, அதில் ஒன்றும் நடக்கவில்லை.

ஷூட்டரைப் பதற்றப்படுத்த டைம்-அவுட் கேட்கலாமா?

ஃபிபாவில், குவார்ட்டரின் ஆட்ட நேரம் முடிந்துவிட்டால் டைம்-அவுட் கொடுக்க முடியாது. எனவே பூஜ்யத்தில் இந்த வேலை நடக்காது. நேரம் மீதி இருந்தால், முதல் ஷாட்டுக்காகப் பந்து ஷூட்டரிடம் போவதற்கு முன் கேட்கலாம், இரண்டு ஷாட்டுக்கு நடுவில் கிடையாது. அமெரிக்க ஆட்டங்களில் நடுவில் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். மேலே சொன்ன 2019 ஆட்டத்திலும் மூன்றாவது ஷாட்டுக்கு முன் ஆபர்ன் டைம்-அவுட் எடுத்தது. பலன் என்னவென்று தெரியுமே.

ஃபவுல் வாங்கியவருக்கு அடிபட்டுவிட்டது. நல்லா ஷூட் பண்றவரை அனுப்பலாமா?

யாருக்கு எதிராக ஃபவுல் நடந்ததோ அவரேதான் போட வேண்டும். காயத்தால் அவர் வெளியேறியே ஆக வேண்டும் என்றால் ஃபிபாவில் அவருக்குப் பதிலாக வருபவர் போடுவார். இதில் ஏமாற்ற இடம் இருக்கிறது என்று நினைத்தால் சரிதான், திடீரென்று கணுக்காலைப் பிடித்துக்கொள்கிற மோசமான ஷூட்டர்கள் உண்டு. என்பிஏ அந்த ஓட்டையை அடைத்து வைத்திருக்கிறது: சாதாரண ஃபவுலில் அடிபட்டவர் போட முடியாவிட்டால், களத்தில் மீதி இருக்கிற நால்வரில் யார் போடுவது என்று எதிரணி கோச்தான் தேர்ந்தெடுப்பார். அடிபட்டவர் திரும்பி வரவும் முடியாது.

டெக்னிக்கல் ஃபவுலுக்கான (மோதலுக்கு அல்ல, நடத்தைக்குக் கொடுப்பது) ஷாட்டை மட்டும் கோச் சொல்கிற எந்த வீரரும் போடலாம்.

லேனில் ஆளே இல்லாதபோது ஃப்ரீ த்ரோ விதிமீறல் எப்படி வரும்?

வரும். ஷூட்டர் பந்து கிடைத்த 5 விநாடிக்குள் எறிய வேண்டும் (என்பிஏவில் 10). பந்து ரிங்கைத் தொடும் வரை கோட்டை மிதிக்கக் கூடாது. எறிவது போலப் பாவனை காட்டக் கூடாது. பந்து கூடைக்குள் விழ வேண்டும் அல்லது ரிங்கையாவது தொட வேண்டும். ஷூட்டரே விதியை மீறினால் விழுந்த பாயின்ட்டும் செல்லாது. பூஜ்யத்தில் ஒரு கோடு மிதி ஆட்டத்தையே முடித்துவிடும், ஆகவே அருகில் நிற்கும் நடுவர் பந்தை விட்டுவிட்டுக் காலைப் பார்ப்பார்.

எதிரணியினர் கையை ஆட்டியோ கத்தியோ ஷூட்டரைத் திசைதிருப்பினால், ஷாட் விழுந்திருந்தால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம். தவறியிருந்தால் மாற்று ஷாட் ஒன்று கொடுக்க வேண்டும். இதைத் தைரியமாகக் கொடுக்கிற நடுவர்கள் குறைவு, கொடுக்கத்தான் வேண்டும்.

பெஞ்ச் முழுக்க மைதானத்துக்குள் ஓடி வந்து கொண்டாட ஆரம்பித்துவிட்டது. டெக்னிக்கல் கொடுக்கலாமா?

கொடுக்க அதிகாரம் உண்டு. ஆனால் பஸ்ஸர் கேட்டதும் ஓடி வருவது இயல்பு, விசிலை அவர்கள் கேட்டிருக்கவே மாட்டார்கள். முதலில் இரு அணிகளையும் பெஞ்சுக்கு அனுப்புங்கள், இரண்டு கோச்சையும் மேசைக்கு அருகில் கூப்பிட்டு ஃபவுல் யார் மீது, எத்தனை ஷாட், நேரம் எவ்வளவு என்று ஒரே தடவை ஒரே வார்த்தையில் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் உள்ளே வருகிறவர்களுக்கு டெக்னிக்கல். ஒரு பாயின்ட் வித்தியாசத்தில் அந்த ஒரு ஃப்ரீ த்ரோ என்ன செய்யும் என்று அவர்கள் கோச்சுக்கே நன்றாகத் தெரியும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார்.

ஃப்ரீ த்ரோக்களுக்குப் பிறகு சமநிலை என்றால்?

ஓவர்டைம். ஃபிபாவிலும் என்பிஏவிலும் 5 நிமிடம், அமெரிக்கப் பள்ளிகளில் 4. நேரம் முடிந்த பிறகு நடக்கிற ஃபவுல்கள் எல்லாம் ஃபிபாவில் இடைவேளையில் நடந்தவையாகக் கணக்கிடப்படும், அவற்றுக்கான ஃப்ரீ த்ரோக்கள் ஓவர்டைம் தொடங்குவதற்கு முன் போடப்படும். உதாரணமாக, 70–70, எல்லோரும் பெஞ்சுக்குத் திரும்புகிறபோது ஒரு வீரர் நடுவரைத் திட்டி டெக்னிக்கல் வாங்குகிறார் என்றால், எதிரணி ஓவர்டைமை 71–70 என்று கூடத் தொடங்கலாம். அணி ஃபவுல் எண்ணிக்கையும் நான்காவது குவார்ட்டரிலிருந்து அப்படியே தொடரும், புதிதாகப் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்காது.

சமநிலை இல்லாமல் ஆட்டம் முடிந்துவிட்டது, அதற்குப் பிறகு ரகளை என்றால் ஃப்ரீ த்ரோ கிடையாது. தலைமை நடுவர் ஸ்கோர்ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அதன் பின்பக்கத்தில் எழுதி வைப்பார்.

ஃப்ரீ த்ரோவுக்கு நடுவில் பஸ்ஸர் தவறுதலாக அடித்தால்?

1972 மியூனிக் ஒலிம்பிக் இறுதியிலேயே நடந்திருக்கிறது. சோவியத் யூனியன் 49–48 முன்னிலை, 3 விநாடி மீதி, அமெரிக்காவின் டக் காலின்ஸுக்கு 2 ஷாட். முதலாவது விழுந்து சமநிலை. இரண்டாவதுக்குப் பந்தைத் தூக்கும்போது மேசையிலிருந்து ஒலி. அவர் நிறுத்தாமல் போட்டார், விழுந்தது, 50–49. அந்த ஒலி சோவியத் அணி டைம்-அவுட் கேட்ட குழப்பத்தில் வந்தது. அதிலிருந்துதான் கடைசி 3 விநாடியை மறுபடி மறுபடி ஆடவைத்த கதை தொடங்கியது. மூன்றாவது தடவை அலெக்சாண்டர் பெலோவ் போட்டு 51–50. மேல்முறையீட்டை 3–2 என்ற வாக்கில் நிராகரித்தார்கள், அமெரிக்க வீரர்கள் வெள்ளிப் பதக்கத்தை வாங்கவே இல்லை.

இன்றைய விதியில், பறக்கும் ஃப்ரீ த்ரோவை எந்த ஒலியும் கொல்லாது. பந்து காற்றில் இருக்கும்போது ஷூட்டர் அல்லாத வேறு யாருடைய தவறுக்காக விசில் ஊதினாலும், விழுந்தால் பாயின்ட்தான்.

3x3 (அணிக்கு மூன்று பேர்) ஆட்டத்திலும் இதேதானா?

அடிப்படை அதேதான், எண்கள் வேறு. வளைவுக்கு உள்ளே ஷூட்டர் மீது ஃபவுல் என்றால் 1 ஷாட், வெளியே என்றால் 2. சமநிலை என்றால் ஓவர்டைமில் முதலில் 2 பாயின்ட் எடுப்பவர் வெற்றி, அங்கே கடிகாரத்துக்கு வேலையே இல்லை.

பஸ்ஸர் வேலை செய்யவில்லை, அல்லது கூச்சலில் கேட்கவே இல்லை. அப்போது?

நேரக் கணக்காளர் தன்னால் முடிந்த எந்த வழியிலாவது உடனே நடுவருக்குத் தெரியப்படுத்த வேண்டும்: கை தூக்கலாம், மேசையைத் தட்டலாம், ஓடியே வரலாம். விசில் கேட்டபோது கடிகாரத்தில் என்ன எண் இருந்தது என்று நடுவர் முதலில் கேட்பது அவரிடம்தான். ஆகவே கடைசி 10 விநாடியில் அவர் ஆட்டத்தைப் பார்க்கக் கூடாது, கடிகாரத்தைத்தான் பார்க்க வேண்டும். அப்படியும் பதில் கிடைக்காவிட்டால் நடுவர்கள் தங்களுக்குள்ளும் மேசையிடமும் பேசி, தலைமை நடுவர் முடிவைச் சொல்வார். ஸ்கோர் பதிவில் பிழை என்றால் அவர் கையெழுத்துப் போடும் வரை திருத்தலாம், போட்ட பிறகு யார் என்ன வீடியோ காட்டினாலும் களத்தில் அவருக்கு அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை.